இரண்டாம் எதிர்மனுதாரர்

என் மருமகளின் அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவார். குன்னூரில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் கோத்தகிரி கோர்ட் வராந்தாவில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தலையில் கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர், மடியில் துணிப்பை. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எதிர் பெஞ்சில் என் மகனும் நானும் இருப்போம். வழக்கு என் மகன் மீது அவன் மனைவி போட்டது. அடிக்கிறான், வேலை செய்யும் இடத்துக்கு வந்து சத்தம் போடுகிறான், பாதுகாப்பு வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுத்திருந்தாள். அவன் முதல் எதிர்மனுதாரர். கூடவே இருந்தும் தடுக்கவில்லை, பேச்சால் நோகடித்தார் என்று என்னையும் சேர்த்திருந்தாள். முப்பத்து மூன்று வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு, ரிடையர் ஆன பிறகு நான் இரண்டாம் எதிர்மனுதாரர் ஆனேன்.

சர்ச்சில் பார்ப்பவர்கள், மகனை நினைத்து மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். உண்மையில் அந்த ஒன்றரை வருஷமும் நான் பட்டது பொறாமை. அதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பொறாமை வழக்கோடு ஆரம்பித்ததும் இல்லை. என் மகன் ஒரு டீ கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். காய்ச்சலுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கப் போன கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தவளைப் பார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுடைய அப்பா சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர், மஞ்சூர்ப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கியவர். நாங்கள் மூன்று தலைமுறையாக டீச்சர் குடும்பம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே பெரிய தயவாக நினைத்துக்கொண்டேன்.

கீழ் கோத்தகிரி ரோட்டில் இருக்கும் என் வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். அதுவரை டவுனுக்குப் போய் வந்தால் வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தை என்னிடம் கொடுப்பவன், இப்போது அவள் கையில் கொடுத்தான். அவள் பிரித்துத் தட்டில் போட்டு முதலில் எனக்குத்தான் நீட்டுவாள். எனக்கு அது இறங்காது. அதைவிட, சாயங்காலமானால் அவள் அப்பாவுக்குப் போன் போடுவாள். "சாப்பிட்டியாப்பா? மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத" என்று அவரை மிரட்டுவாள். அவர் அந்தப் பக்கம் சிரிப்பது எனக்குக் கேட்கும். என் அப்பா தலைமை ஆசிரியர். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் என் மகன் அவளுடைய போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு மழை நாளில் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒருவர் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குத்தான் முதல் அடி. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. நான் அடுப்படியில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, "நானும் பட்டவதான் கண்ணு. நாளாக நாளாகச் சரியாப் போயிரும்" என்றேன்.

ஆறுதலாகச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. சிரித்துச் சிரித்துப் போன் பேசுகிறவள், அப்பாவை நீ என்று கூப்பிடுகிறவள், கடைசியில் இவளும் என்னைப் போலத்தான் என்ற நிம்மதி.

என் கணவர் டீ ஃபேக்டரியில் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்தார். சர்ச் கமிட்டியில் இருந்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. அவர் அடித்தது எல்லாம் மேல்கையிலும் முதுகிலும்தான். இந்த ஊரில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடுவார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். ஒரே ஒரு தடவை உதடு கிழிந்துவிட்டது. அன்றைக்குக் குன்னூரில் இருந்த அப்பாவிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அம்மா காபி கொடுத்தாள். அப்பா பைபிளைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் செய்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காரவைத்து, "பொறுத்துக்க கண்ணு" என்றார். பஸ் கிளம்பும்வரை நின்றார். நான் பொறுத்துக்கொண்டேன்.

என் மருமகள் அப்படிப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மகன் அவள் கையை முறுக்கிக் கதவில் மோதினான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கொடியில் துணி கிடந்தது. அதை எடுக்க வெளியே போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது, துணி ஏற்கெனவே நனைந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து மறுபடியும் கொடியிலேயே போட்டேன். உள்ளே சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்பினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனவள் வீட்டுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பெண் ஊட்டியிலிருந்து நோட்டீஸ் கொண்டுவந்தார். சால்வை போர்த்தியிருந்தார், என் மகளாக இருக்கும் வயது. ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். மருமகள் தன் அலுவலகத்துக்கு வந்தபோது ஸ்வெட்டரைக் கழற்றித் தோளைக் காட்டினாள் என்றார். அதைப் படம் எடுத்திருந்தார்கள், டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள்.

"எவ்ளோ நேரமுங்க பேசிட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும்ங்க டீச்சர். ஏன்?"

"சும்மாதானுங்க."

இரண்டு மணி நேரம் ஒருத்தி எதிரில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் போன பிறகும் எனக்கு அதுதான் மனதில் ஓடியது. மகனுக்கு என்ன ஆகும் என்ற பயம் பிறகுதான் வந்தது.

வழக்கு நடந்தது. அவள் கோத்தகிரியில் ஒரு தோழியின் அறையில் தங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வந்தாள். வாய்தா நாளில் அப்பா வந்துவிடுவார். ஒரு தடவை மட்டும் அவர் நேரத்துக்கு வரவில்லை. வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு, "அப்பா வந்துரட்டும் மேடம்" என்று தன் வக்கீலிடம் கெஞ்சினாள். இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீலம்மா அவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது தனியாக நிற்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மனுஷன் முழங்கால் வரை சேறோடு ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் அவள் தோள் தளர்ந்ததை நான் எதிர் பெஞ்சிலிருந்து பார்த்தேன். என் கண் எரிந்தது.

அவர் என்னை ஒரு நாளும் முறைத்துப் பார்த்ததில்லை. "டீச்சரம்மா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பிளாஸ்க்கை நீட்டுவார். வேண்டாமுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதிராளியிடம் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று என் மகன் சொல்லியிருந்தான். அவன் சொல்லாவிட்டாலும் நான் குடித்திருக்கமாட்டேன்.

அவள் கூண்டில் நின்ற நாளில் நீதிபதி, "உக்காந்து சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். தேதி, நேரம், எந்தக் கை, எந்தக் கதவு. எங்கள் வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் படியில் வழுக்கி விழுந்த காயம்தானே என்றார்.

"இல்லைங்க. எங்க அத்தை அங்கதான் இருந்தாங்க. அவங்களையே கேளுங்க" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அடுத்த வாய்தாக்களில் எங்கள் தரப்பு. என் மகன் முதலில் ஏறினான். அடிக்கவே இல்லை என்றான். அதற்கடுத்து நான். எங்கள் வக்கீல் தயார் செய்த வாக்குமூலத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். என் மகன் கை நீட்டி நான் பார்த்ததே இல்லை, வீடு என் பெயரில் இருக்கிறது, மருமகளுக்கு அதில் உரிமை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. "கேட்டா இதையே சொல்லுங்க டீச்சர், கூட ஒரு வார்த்தை வேண்டாம்" என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

வக்கீலம்மா எழுந்து குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். சன்னமான குரல்.

"புருஷன் அடிச்சா பொறுத்துக்கணும்னு மருமககிட்ட சொன்னீங்களா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"நானும் பட்டவதான்னு சொன்னீங்களா?"

நான் எங்கள் வக்கீலைப் பார்த்தேன்.

"உங்க கணவர் உங்களை அடிப்பாரா?"

எங்கள் வக்கீல் எழுந்துவிட்டார். "ஐயா, இறந்துபோனவரைப் பத்தின கேள்வி. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."

நீதிபதி யோசித்தார். "அது வேண்டாம்மா. அடுத்த கேள்விக்குப் போங்க" என்றார். வக்கீலம்மா தலையசைத்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.

அவ்வளவுதான், என் கேள்வி போய்விட்டது. அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார், கேட்ட நிமிஷத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். எதிரில் என் மருமகள் அப்பாவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எத்தனை கேள்வி கேட்டார்கள், எத்தனை பக்கம் எழுதினார்கள். எனக்கு ஒன்றே ஒன்று, அதுவும் இல்லையா என்று இருந்தது.

"அடிப்பாருங்க" என்றேன்.

டைப் அடிப்பவர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார்.

"இருபத்தாறு வருஷமுங்க. கல்யாணமாகி ரெண்டாம் மாசத்துல இருந்து, அவர் படுக்கையில விழுகற வரைக்கும்."

"டீச்சர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி. கோபமாகச் சொல்லவில்லை.

"கேட்டாங்களேங்க" என்றேன்.

வக்கீலம்மா மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டார். சம்பவம் நடந்த சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன்?

"வெளியில துணி எடுக்கப் போனேனுங்க."

"மழை பெய்யலையா?"

"பெஞ்சுதுங்க. துணியெல்லாம் நனைஞ்சுதான் இருந்துது."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"பாக்க முடியலைங்க."

"எதைப் பாக்க முடியலை?"

வாயைத் திறந்தாயிற்று, இனி மூட முடியவில்லை. "அவன் கையை முறுக்கறதைப் பாக்க முடியலைங்க. கதவுல மோதுன சத்தம் கேட்டுது" என்றேன்.

இதை மட்டும் டைப் அடித்தார்கள். முடிந்ததும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கை முறுக்கியது இருந்தது, கதவு இருந்தது, நனைந்த துணிகூட இருந்தது. இருபத்தாறு வருஷம் அதில் இல்லை. மறுபடி ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நான் உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணைக் காப்பாற்றினேன் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் என் மகன், "போய் அவங்கப்பன் பக்கத்துலயே உக்காந்துக்க" என்று சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கொஞ்ச தூரத்தில் அவள் அப்பா குன்னூர் பஸ்ஸுக்கு நின்றார், வழியனுப்ப அவளும் கூட நின்றாள். அவர் என்னிடம் வந்து, "தேத்தண்ணி கொஞ்சம் மிச்சம் இருக்கு டீச்சரம்மா" என்றார். அன்றைக்கும் வேண்டாம் என்றேன். அவர் நல்லவராக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. என் மகன் அவளை அடிக்கவோ, போனில் தொந்தரவு செய்யவோ, கிளினிக் பக்கம் போகவோ கூடாது. அவள் வாழ்ந்த வீடு அது, யார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே இருக்கலாம். அவன்தான் வெளியேற வேண்டும். எங்கள் வக்கீல் வாசலில் நின்று எனக்கு விளக்கினார். "பொம்பளைங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லி இந்தச் சட்டத்துல உத்தரவு போட முடியாதுங்க. அதனால நீங்களும் அங்கயே இருக்கலாம்."

அப்படித்தான் என் மகன் குன்னூரில் ஒரு அறை எடுத்துப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் இரண்டு பைகளோடு வந்தாள். அவள் அப்பா வாசலிலேயே நின்றார். நான் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

பதினொரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தோம். அவள் தன் அறையிலேயே ஒரு சின்ன ஸ்டவ் வைத்துக்கொண்டாள். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று கேட்பாள், காட்டெருமை தோட்டத்தில் இறங்கியிருந்தால் கதவைத் திறக்காதீங்க என்பாள். அதற்குமேல் பேச்சில்லை. சாயங்காலம் அப்பாவோடு அவள் போன் பேசும்போது நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். பிளட் பிரஷர், கேரட் விலை, பக்கத்து லயத்து வீட்டு நாய்க்குட்டி என்று ஒன்றுமில்லாத பேச்சு. ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன், கேட்டுவிட்டு வெந்துபோவேன்.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கோர்ட்ல எனக்காகச் சொன்னீங்களா அத்தை?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல கண்ணு" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இருபத்தாறு வருஷம்னு சொன்னீங்கல்ல. அது எனக்குத் தெரியாது" என்றாள். உட்காரப் போகிறாளோ என்று பார்த்தேன். உட்காரவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அவள் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விவாகரத்துக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சாமான் ஏற்ற அவள் அப்பா வந்தார். வண்டி வர நேரமானது. அவள் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வருஷ வழக்கும் பதினொரு மாதமும் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்கு அவரிடம் கேட்டுவிட்டேன்.

"புருஷனோட இருன்னு நீங்க ஏனுங்க புள்ளையத் திருப்பி அனுப்பல?"

அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அனுப்பினேன் டீச்சரம்மா" என்றார்.

"எப்ப?"

"மொத தடவ. கன்னம் வீங்கி வந்திச்சி. நாலு நாள் வச்சிருந்தேன். பெறகு நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். ஒரு வருசங்கூட ஆகல, தோட்டத்துல நாலு பேரு பேசுவாங்கன்னு. ஜன்னல் பக்கமா ஒக்கார வச்சேன். அது என்னையப் பாக்கவே இல்ல. ரெண்டாவது தடவ கைய மடிச்சிக்கிட்டு வந்து நின்னிச்சி. அப்ப எனக்கு ஏலாமப் போச்சி."

முதல் அடிக்குப் பிறகு அவள் நாலு நாள் மஞ்சூருக்குப் போய்விட்டுத் திரும்பியது எனக்குத் தெரியும். அவளாகத்தான் வந்தாள் என்று நினைத்திருந்தேன்.

நான் உள்ளே போய் முகம் கழுவினேன். என் அப்பா பஸ் ஏற்றிவிட்டது எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நான் அவரிடம் போகவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். உதடு கிழிந்த பிறகும் எத்தனையோ தடவை பட்டேன். குன்னூர் பஸ் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகும். இரண்டாவது தடவை போயிருந்தால் அவரும் குடையை எடுத்திருப்பாரா, இல்லை உட்கார்ந்து சொல் என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது. அவர் இறந்து பத்தொன்பது வருஷமாகிறது.

வண்டி வந்தது. என் மருமகள் "வரேன் அத்தை" என்றாள். அவள் முன் சீட்டில் ஏறப்போனபோது அவர் அவளை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார், அவள் மாட்டேன் என்று நடுவில் அவரை ஒட்டியே உட்கார்ந்தாள். இவ்வளவு தெரிந்த பிறகும், அதைப் பார்த்து என் வயிறு எரியத்தான் செய்தது. திரும்ப ஒரு தடவை அப்பாவிடம் போனாளே என்று எரிந்தது.

அந்த வாரமே என் மகன் போன் செய்தான். "அவதான் போயிட்டாளேம்மா. நான் ஊட்டுக்கு வந்துரட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வா, சாப்டுட்டுப் போ" என்றேன்.

"வந்து இருக்கறதைக் கேக்கறேன்."

"தெரியுது. சாப்டுட்டுப் போன்னுதான் சொல்றேன்."

இது பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. வீட்டில் ஆம்பளைக் குரல் உயராமல் பதினொரு மாதம் இருந்துவிட்டேன். அதைவிட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், மட்டன் குழம்பு வைக்கிறேன், நாலு மணிக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.